முதலாளி பேசுகிறார்

மனைவி: இன்னொரு தடவை சொல்லுங்க. அஞ்சடுக்குப் பெட்டின்னா என்ன?

கணவன்: அஞ்சு அடுக்கு இருக்கும்.

மனைவி: ஏங்க...

கணவன்: தப்பா? அஞ்சடுக்குன்னா பின்ன ஆறா இருக்கும்?

மனைவி: மூணு தட்டைக் காகிதம், நடுவுல ரெண்டு அலைக் காகிதம். இந்த ஓரத்தைப் பாருங்க. வளைஞ்சு வளைஞ்சு போகுதே, அதுக்குப் பேருதான் அலை.

கணவன்: அட, ஆமா... நல்லாத்தான் இருக்கு.

மனைவி: அழகு பார்க்கச் சொல்லல. இன்னும் அரை மணி நேரத்துல பீங்கான் கம்பெனி முதலாளி இங்க வந்து நிக்கப் போறார். அஞ்சு மாசமா போன்ல அவர்கிட்ட வாய் வலிக்கப் பேசினது நீங்க. அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளிக்கு அட்டையே தெரியலைன்னா என்ன நினைப்பார்?

கணவன்: பேசினது நான். ஆனா சொல்லிக் கொடுத்தது நீதானே? நீ சிலேட்டுல எழுதிக் காட்டுவ, நான் படிப்பேன். பஸ் ஸ்டாண்டுல பன்னெண்டு வருஷமா மைக்குல அந்த வேலையைத்தான் பண்றேன். எவனோ எழுதித் தர்றான், நான் வாசிக்கிறேன். எந்த பஸ் எங்க சுத்திட்டுப் போகுதுன்னு எனக்கென்ன தெரியும்?

மனைவி: அந்தக் கணீர்க் குரலுக்காகத்தான் உங்க கையில போனைக் கொடுத்தேன்.

கணவன்: குரலுக்காக மட்டும்தானா?

மனைவி: கொஞ்சறதுக்கு இதுவா நேரம்? அடுத்த கேள்வி. நாம எத்தனை பேர் வேலை பார்க்கிறோம்?

கணவன்: ஏழு பேர். உன்னையும் சேர்த்தா எட்டு. பாரு, இது தெரியுது!

மனைவி: இது நம்ம தெருவுல காய்கறி விக்கிறவருக்கும் தெரியும்.

கணவன்: இந்தா பாரு... பேசாம உண்மையைச் சொல்லிட்டா என்ன? "சார், பெட்டி போடறதெல்லாம் இவதான். நான் பஸ் ஸ்டாண்டுல மைக்குப் பிடிக்கிறவன்"னு...

மனைவி: சோப்புக் கம்பெனிக்காரர்கிட்ட உண்மையைத்தானே சொன்னேன். என்ன ஆச்சு?

கணவன்: அவன் கிடக்கிறான்.

மனைவி: அளவு சொன்னேன். தாளோட கனம் சொன்னேன். மாதிரிப் பெட்டி மேல செருப்பைக் கழட்டிட்டு ஏறி நின்னே காட்டினேன். எல்லாத்தையும் பார்த்துட்டு என்ன கேட்டார்?

கணவன்: "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையாம்மா?"ன்னு.

மனைவி: முப்பத்தாறு வயசு எனக்கு. ரெண்டு பிள்ளை பெத்தவ. நான் பெரியவ இல்லையாம். நேரா போய் எங்கிட்ட முன்னாடி வேலை பார்த்த ஆளுகிட்ட அதே பெட்டியை வாங்கினார். அந்த ஆளுக்கு மடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்.

கணவன்: விடு...

மனைவி: எப்படி விடுறது? இந்த ஆர்டர் வரலைன்னா மழைக்காலம் மூணு மாசமும் வேலை இருக்காது, ஏழு பேர்ல நாலு பேரை வீட்டுக்கு அனுப்பணும். யாரை அனுப்பச் சொல்றீங்க? அதான், இன்னைக்கு ஒரு நாள் நீங்க முதலாளியா உட்காருங்க. நான் ஒட்டுற பொம்பளை மாதிரி ஓரமா நின்னு மடிச்சிட்டிருக்கேன். தெரியாத கேள்வி வந்தா ரெண்டு தடவை இருமுவேன். உடனே நீங்க "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லிடணும்.

கணவன்: அந்த ஆளு கறார்ப் பேர்வழிடி. போன்லயே எனக்கு வேர்த்து ஊத்தும். நேர்ல வந்தா... ஏய், வாசல்ல யாரோ.

வந்தவர்: உள்ள வரலாமா? பீங்கான் கம்பெனியில இருந்து வர்றேன்.

கணவன்: வாங்கம்மா, வாங்க... சார் பின்னாடி வர்றாரா?

வந்தவர்: சாருக்கு வேற வேலை வந்துடுச்சு. நான் ஆஃபீஸ்ல இருக்கேன். "நீ போய் இடத்தைப் பார்த்துட்டு வந்து சொல்லு"ன்னார்.

கணவன்: அப்பாடா!

வந்தவர்: என்ன சொன்னீங்க?

கணவன்: அப்படியான்னு கேட்டேன். உட்காருங்க. இந்தாம்மா, மேடத்துக்குத் தண்ணி கொண்டு வா.

மனைவி: கொண்டு வரேங்க... முதலாளி.

வந்தவர்: போன்ல கேட்ட அதே குரல். கொஞ்சம் கூட மாறல.

கணவன்: நீங்க என் குரலை எப்போ...?

வந்தவர்: அது... சார் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவார். ஆஃபீஸே கேக்கும். சரி, இது எங்களுக்காகப் போட்ட மாதிரிப் பெட்டிதானே? கையில எடுக்கலாமா?

கணவன்: தாராளமா.

வந்தவர்: ம்... அலை நேரா நிக்குது. நல்லது. போன வருஷம் வேற ஒருத்தர்கிட்ட வாங்கினது அலை படுத்துக் கிடந்தது. நாலு பெட்டியை மேல அடுக்கினதும் அடிப்பெட்டி அப்படியே உட்கார்ந்துடுச்சு. முந்நூறு கப்பும் சுக்குநூறு. நீங்க ஏன் நேரா வைக்கிறீங்க?

கணவன்: அலைன்னா... நேராத்தானே வரணும்... கரைக்கு...

மனைவி: க்ஹும். க்ஹும்.

கணவன்: யோசிச்சுச் சொல்றேன்.

வந்தவர்: சரி, இதுல தாள் என்ன கனம்?

மனைவி: க்ஹும். க்ஹும்.

கணவன்: அதையும் யோசிச்சுச் சொல்றேன்.

வந்தவர்: இது நீங்க போட்ட தாள்தானே?

கணவன்: நான் போட்டதுதான். அதனாலதான் யோசிக்கிறேன்.

வந்தவர்: இந்த அம்மாவுக்கு ஏன் இப்படி இருமல்?

கணவன்: பசை வாசனை. பழகலை இன்னும்.

வந்தவர்: பழகலையா? நான் வந்ததுல இருந்து பார்க்கிறேன், கண்ணு எங்கயோ இருக்கு, கை தானா மடிக்குது.

மனைவி: ஏதோ... வயித்துப் பிழைப்புங்க.

வந்தவர்: சரி, விஷயத்துக்கு வருவோம். மாசம் பத்தாயிரம் பெட்டி, ஒரு வருஷத்துக்கு. பத்தாயிரத்தையும் முதல் தடவை பதினஞ்சே நாள்ல ஏத்தி அனுப்பணும். முடியுமா?

கணவன்: ஒரு வருஷத்துக்கா! முடியுமாவா? என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க...

மனைவி: க்ஹும். க்ஹும்.

கணவன்: பதினஞ்சு எதுக்கு? பன்னெண்டு நாள்லயே தந்துடறோம்!

மனைவி: க்ஹும்! க்ஹும்! க்ஹும்!

கணவன்: தேவைப்பட்டா பத்து...

மனைவி: முடியாது.

வந்தவர்: என்னம்மா?

மனைவி: முடியாதுங்க. பத்து நாள், பன்னெண்டு நாள், பதினஞ்சு நாள், எதுலயும் முடியாது. இது கையால ஒட்டுற பெட்டி. மழை ஈரத்துல ஒரு நாள்ல காயிற பசை ரெண்டு நாள் எடுக்கும். காயாத பெட்டியில கப்பை அடுக்கி லாரியில ஏத்தினா, ரெண்டாவது பள்ளத்துலயே அடி வாயைப் பிளந்துடும். இருபது நாள்ல நாலாயிரம் தர முடியும். அதுக்கு மேல ஒரு பெட்டி கூட சொல்ல மாட்டேன்.

வந்தவர்: முதலாளி பன்னெண்டு நாள்ங்கிறார். வேலை பார்க்கிற அம்மா முடியாதுங்கறாங்க. நான் யார் சொல்றதைப் போய்ச் சொல்லட்டும்?

கணவன்: இவ சொல்றதைச் சொல்லுங்கம்மா. இவ வேலைக்காரி இல்ல. என் சம்சாரம்.

மனைவி: ஏங்க!

கணவன்: இரு. என் சம்சாரம்னு சொல்றதும் சரியில்ல. நான்தான் இவ வீட்டுக்காரன், இவதான் முதலாளி. ஒன்பது வருஷமா இந்த அட்டையோட மல்லுக்கட்டறது இவ. எனக்கு அலையும் தெரியாது, கனமும் தெரியாது. நான் வெறும் தொண்டை.

மனைவி: எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே...

கணவன்: நீ பொய் சொல்லி ஆர்டர் வாங்கி, நான் சொன்ன பன்னெண்டு நாளுக்காக ஏழு பேரும் முதுகொடிஞ்சு, கடைசியில பெட்டி பிளந்து உன் பேரு கெடணுமா? அதுக்கு இது மேல்.

மனைவி: ...சரிங்க மேடம். கேட்டீங்கல்ல. உங்க சார்கிட்ட சொல்லிடுங்க. பொம்பளை நடத்துற இடம், நேரத்துக்குத் தர மாட்டா, வேற இடம் பார்த்துக்கலாம்னு. மாதிரிப் பெட்டியை வேணும்னா எடுத்துட்டுப் போங்க.

வந்தவர்: உள்ள வைக்கிற தடுப்பு அட்டைக்கு மட்டும் ஏன் மூணடுக்கு?

மனைவி: என்னங்க?

வந்தவர்: பெட்டி அஞ்சடுக்கு. தடுப்பு மூணடுக்கு. ஏன்?

மனைவி: தடுப்பு பாரம் தாங்க வேண்டியதில்ல. கப்பும் கப்பும் முட்டாம இருந்தாப் போதும். அதையும் கனமா போட்டா பெட்டியில பன்னெண்டு கப்பு பிடிக்காது. இப்பவே உங்க கப்போட கைப்பிடி ஒரு விரல் அளவு வெளியில துருத்திட்டு நிக்குது. அதுக்காகத்தான் ஒவ்வொரு அறையையும் அகலமா வெட்ட வேண்டியிருக்கு.

வந்தவர்: கைப்பிடியைக் கொஞ்சம் உள்ள வளைச்சா?

மனைவி: வளைச்சா இதே பெட்டியில பதினஞ்சு வைக்கலாம். பெட்டி குறையும், லாரியில இடமும் மிச்சம். ஆனா அச்சை மாத்தணுமே?

வந்தவர்: அது பெரிய வேலை இல்ல. களிமண் பாதி காஞ்சும் காயாம இருக்கும்போதே கைப்பிடியை ஒட்டிட்டா எந்தப் பக்கமும் வளைக்கலாம். அடுத்த வாரம் புதுக் கப்பு ரெண்டு அனுப்பறேன், அளவு எடுத்துக்குங்க. முதல் லோடு நாலாயிரம், இருபது நாள். மழை முடியற வரைக்கும் மாசம் ஆறாயிரம், அப்புறம் பத்தாயிரம். சரிதானே?

மனைவி: ஆறாயிரம்னா முடியும். இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்குவேன்.

வந்தவர்: அப்போ முடிவு.

கணவன்: ஒரு நிமிஷம்மா. சார்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கப்போட கைப்பிடியையே மாத்திட்டீங்களே... உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?

வந்தவர்: எந்த சார்?

கணவன்: உங்க சார்!

வந்தவர்: ஆமா... சார்... கேட்டுக்கணும்...

மனைவி: உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க.

வந்தவர்: எதுக்கு?

மனைவி: காட்டுங்களேன். ...ஆஃபீஸ்ல எழுதுற கைக்கு நகக்கண்ணுல இவ்வளவு வெள்ளை மண்ணு எப்படி வந்துச்சு?

வந்தவர்: காலையில மூணு தடவை பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ச்சேங்க. போக மாட்டேங்குது.

மனைவி: அப்போ... கம்பெனி உங்களோடதா?

வந்தவர்: நாலு வருஷமா. இருபத்தாறு பேர், எல்லாரும் பொம்பளைங்கதான். களிமண் அனுப்பறவர் ஒரு தடவை லோடுல பாதியை மணலாவே அனுப்பிட்டார். சூளையில வச்ச அத்தனையும் வெடிச்சுப் போச்சு. போன் பண்ணிக் கேட்டா, "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா"ன்னார். மண்ணைக் கையில எடுத்தாலே எனக்குத் தெரியும், எனக்குப் புரியாதாம். அப்புறம் எங்க வீட்டுக்காரர் பேசினார். ரெண்டே வார்த்தை. மறுநாள் நல்ல மண்ணு வந்து இறங்குச்சு.

மனைவி: வயிறு எரிஞ்சிருக்குமே.

வந்தவர்: எரிஞ்சுது. ஆனா சூளை எரியணுமே, அது முக்கியம். அன்னையில இருந்து போன்ல அவர்தான் பேசறார்.

கணவன்: அப்போ என்கிட்ட அஞ்சு மாசமா பேசினது உங்க வீட்டுக்காரரா? அந்தக் கறார் மனுஷனா? ஒரு கேள்வி கேட்டா ரெண்டு நிமிஷத்துக்குப் பதிலே வராதே! "இவன் சாமானியன் இல்லடா"ன்னு நான் நடுங்கிக்கிட்டு நிப்பேன்.

வந்தவர்: நான் தாளுல எழுதி முடிக்க வேண்டாமா? நீங்களும்தான் பதில் சொல்ல மாட்டீங்க. நாங்க மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்போம்.

மனைவி: இவரா? என் எழுத்து இவருக்குப் புரியாது. எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டிருப்பார்.

கணவன்: கோழிக் கிறுக்கலா எழுதிட்டு என்னைச் சொல்றா.

வந்தவர்: சிரிக்க வச்சுட்டீங்க. ...இனிமே பெட்டி விஷயமா போன் வந்தா நான்தான் பேசுவேன். நீங்கதான் எடுக்கணும்.

மனைவி: எடுக்கறேன். மத்தவங்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு இவர் தொண்டை வேண்டியிருக்கும்.

வந்தவர்: எனக்கும்தான். மண்ணுக்காரர் இன்னும் மாறலை.

கணவன்: எது எப்படியோ, நீங்க மட்டும் தனியா வந்தீங்களே, அந்த வரைக்கும் நான் தப்பிச்சேன். உங்க வீட்டுக்காரரும் வந்து எதிர்ல உட்கார்ந்திருந்தா எனக்கு நாக்கே புரண்டிருக்காது.

வந்தவர்: தனியா எங்க வந்தேன்? லைப்ரரி வேலைக்கு லீவு போட்டுட்டு அவர்தான் கார் ஓட்டிட்டு வந்தார். தெருமுனையில கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு உள்ளயே உட்கார்ந்திருக்கார். "அந்தப் பெட்டிக்காரர் குரலைக் கேட்டாலே எனக்குப் பயம், நீ வேணா ஆஃபீஸ் ஆளுன்னு சொல்லிட்டுப் போ, நான் இறங்கவே மாட்டேன்"னுட்டார்.