ஓடையின் பெயரைக் கேட்காதீர்கள்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் பேச வராது. உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் இந்த ஜன்னலோரமாக நடந்துகொண்டே சொல்கிறேன். வீட்டிலும் நான் அப்படித்தான். "அண்ணே, நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்பாள் என் தங்கை நெஸ்தா.

அவளைக் கட்டிக்கொண்டு கெதின் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தபோது, அவனும் கால் நிற்காத ஜாதி என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் பேசிக்கொண்டிருப்பார். அவன் கண் மலைமேல் இருக்கும். எந்த ஓடை மழையில் கலங்கியிருக்கும், எது தெளிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். நானும் அதையே போட்டுக்கொண்டிருப்பேன். பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

நாங்கள் தேடியது காட்டு ட்ரவுட் மீன். பண்ணையில் வளர்த்து ஏரியில் கொட்டுகிற கொழுத்த மீன் இல்லை. யாரும் கொண்டுவந்து விடாமல், தன்னால் பிறந்து தன்னால் வளர்ந்தது. கையளவுதான் இருக்கும். வெண்ணெய் நிற வயிறு, விலாவில் சிவப்புப் புள்ளிகள். கோரைப்புல் மூடிய, ஒரே எட்டில் தாண்டிவிடுகிற ஓடைகளில் அவை இருந்தன. எங்கள் வேல்ஸ் நாட்டு மலைகளில் அப்படிப்பட்ட ஓடைகள் பல வரைபடத்தில்கூடக் கிடையாது. ஒன்றைக் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. அதற்குப் பிறகு அடுத்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

ஒரே ஒரு தடவை தவறு செய்தோம். மதுக்கடையில் கெதின் ஓர் ஓடையைப் பற்றி வாய்விட்டான். அடுத்த கோடையில் அங்கே வரிசையாகக் கார்கள் நின்றன. கரையெல்லாம் மிதிபட்டுச் சேறாகியிருந்தது. அணைந்த அடுப்புக் கரியும் பீர் டப்பாக்களும் கிடந்தன. தண்ணீரில் ஒரு மீனின் நிழல்கூட இல்லை. கெதின் சிரித்துவிட்டு, "விடு மச்சான், இன்னொண்ணு தேடுனாப் போச்சு" என்றான். அவனால் அப்படிச் சொல்ல முடிந்தது. நான் அன்று சாப்பிடவில்லை.

இந்த வசந்தத்தில் கிடைத்த ஓடை எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். ஊசியிலை மரத் தோப்புக்குப் பின்னால், ஓர் அருவிக்கு மேலே. கீழேயிருந்து எந்த மீனும் ஏற முடியாது. ஆகவே அங்கிருந்தவை எத்தனை காலமாக அங்கேயே அடைபட்டுக் கிடந்தனவோ. நிறமே வேறு. நான் ஈரக் கல்லில் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று கெதின் அருவிப் பாறையில் வழுக்கினான். நான் போய்ப் பார்த்தபோது கீழ்க்கால் உடைந்து திரும்பிக் கிடந்தது. வேலிக் கட்டைகளை வைத்து, ஆட்டுக்குத் தீவனம் கட்டுகிற நீலக் கயிற்றால் கட்டினேன். என் சட்டையைப் போர்த்தினேன். செய்ய வேண்டியதைச் செய்தேன் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள்.

"எடம் எதுன்னு கேட்டாச் சொல்லிடு மச்சான்" என்றான் அவன். "நெஸ்தா திட்டப்போறா, எனக்கு அதான் கவல."

சொல்லத்தான் இறங்கினேன். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கிற இடம்வரை ஓடினேன். ஆனால் எங்கள் மலை மீட்புக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. தலைவர் மெர்வின் ஊர்த் தபால்காரர். தூண்டில் சங்கத்துக்கும் அவரே தலைவர். குழுவில் பாதிப்பேர் அந்தச் சங்கம். கெதினைத் தூக்க வருகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டா வருவார்கள்? அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் குரல் கேட்டுவிட்டது. மச்சான் தனியாகப் பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தாக்குப் பக்கம் போனான், திரும்பவில்லை என்று சொன்னேன். சுரங்கக் கழிவு கலந்து அந்தத் தண்ணீர் செத்து எவ்வளவோ காலம் ஆயிற்று. அங்கே யார் மிதித்தாலும் நஷ்டமில்லை.

மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் வரவில்லை. நானும் அவர்களோடு தேடினேன். தொண்டை கட்டும்வரை அவன் பெயரைக் கூப்பிட்டேன். அதில் நடிப்பு இல்லை. நெஸ்தா எல்லோருக்கும் சூப் கொண்டுவந்தாள். என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

"அண்ணே, அவரு வேற எங்கியாச்சும் போறதாச் சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். இல்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவன் உயிர் போனபின் காலில் கட்டிய கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயில் சுற்றி, மேய்ச்சலுக்கு ஓட்டுகிற நாலு சக்கர பைக்கில் மேட்டைத் தாண்டிக் கொண்டுபோய், சுரங்கப் பள்ளத்தாக்கில் கிடத்தினேன். மெர்வினின் நாய் கண்டுபிடித்தது. காலில் கயிற்றுத் தடம் இருப்பதாக மருத்துவர் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்களும் என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவன் முதல் நாள் குளிரிலேயே போய்விட்டான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மறுநாள் மற்றவர்கள் சுரங்கப் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது நான் ஓடைக்குப் போனேன். கண் திறந்திருந்தான். பிளாஸ்க்கில் கொண்டுபோன தேநீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தேன்.

"வர்றாங்களா மச்சான்?"

"வந்துக்கிட்டே இருக்காங்க."

செத்தவனை ஏற்ற முடிந்த பைக்கில் உயிரோடு இருந்தவனை ஏன் ஏற்றவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பைக்கையும் அன்றே கொண்டுபோயிருந்தேன், மரத் தோப்புக்குள் நிறுத்தியிருந்தேன். ஆனால் அந்தக் காலோடு தூக்கினால் அவன் கத்துவான். மரம் வெட்டுகிற ஆட்கள் அன்று பக்கத்திலேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு வந்திருப்பார்கள். அதனால் அவன் பக்கத்திலேயே இருந்தேன். என்னால் முடிந்தவரை இருந்தேன். மதியத்துக்கு மேல் அவன் பேச்சு குழறியது. நெஸ்தாவின் பெயரைச் சொன்னான், பிறகு ஏதோ ஆடுகளைப் பற்றி. நான் எழுந்து நடந்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது என்றுதான் சொன்னேனே. அருவிக்கு மேலே ஒரு மீன் பூச்சியைப் பிடிக்க எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. கெதினின் தூண்டில் அங்கேயே கிடந்தது.

முதல் வீச்சிலேயே சிக்கியது. அவ்வளவு அழகான மீனை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவனுக்குக் காட்டலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவன் மூச்சு நின்றிருந்தது. கையை நனைத்துக்கொண்டு, செதில் கலையாமல் தூண்டில் முள்ளை எடுத்து, அது தானாக நீந்திப் போகும்வரை தண்ணீரிலேயே பிடித்திருந்தேன். ஓர் உயிர் துடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.