மந்திரித்த உப்பு

பாலக்கோடு பஸ்ஸில் முன்சீட்டு அம்மா திடீரென்று கத்தினார்: "உப்ப உப்புன்னு சொன்னா ஒருத்தனும் நம்பலீங்க!"

வெளிநாடு போன மகனிடம் சர்ச்சில் மந்திரித்த உப்பைக் கொடுத்தாராம். ஏர்போர்ட்டில் வெள்ளைப்பொடி என்று பிடித்துக்கொண்டார்களாம்.

அவருக்குப் பக்கத்து சீட்டுக்காரர் ஏர்போர்ட் ஸ்கேனர் செய்யும் கம்பெனியில் வேலை செய்பவர். "இப்ப இருக்கற மெஷினுக்கு அடர்த்திதாங்கக்கா தெரியும். நாங்க புதுசா எக்ஸ்ரேயை வளையம் மாதிரி அனுப்பறோம். பொருள்ல பட்டு அது சிதறுற தினுச வெச்சே உப்பா, போதைமருந்தான்னு சொல்லிரும்."

"எம் மவன் அவனுங்க எதுருலயே ஒரு பிடி அள்ளித் தின்னு காட்டுனான், தம்பி."

"அப்பறம்?"

"அதப் பாத்துக்கிட்டேதான் மிச்சத்தக் குப்பையில கொட்டுனானுங்க. கண்ணால பாத்ததயே நம்பாதவனுங்க, உம்மெஷின் சொன்னா நம்பிருவானுங்களா?"