கென்யாப் பெண்ணுக்கு வந்த போன்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். அவர்களை ஒட்டி ஜன்னலோரம் ஒரு ஆப்பிரிக்கப் பெண், கையில் போனோடு. மூத்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நானும் என் கொழுந்தனாரும் பேசிக்கிறதே இந்த கென்யா பொண்ணாலதான்."

"இன்னாக்கா சொல்ற?"

"கெணத்து சண்டை. கோர்ட்டுக்கு போவாம இவதான் எங்கள உக்கார வெச்சி தீத்தா. அதான் அவ படிப்பே. நம்ம மாடிலதான் குடிகீறா. அந்த மாதிரி சண்டைய பேசி தீக்கிற ஒரு ஆபீஸ்ல வேலை கேட்டுகீறா, இன்னிக்கு போன்ல பதில் சொல்றேன்னுகீறாங்க."

"அதுக்கு நீ ஏன்க்கா பேஜாராவுற?"

"அவங்கம்மா அங்க கீறாங்க. இங்க யாரு கீறா?"

போன் அடித்தது. கேட்டுவிட்டு கென்யாப் பெண் மூத்தவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, என்னை வேலைக்கு எடுத்துட்டாங்க. மும்பை போவணும்."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல உங்கம்மாவுக்கு போன் போடு," என்றாள். பிடித்த கையை விடவில்லை.