டயர்க்கடைக்கு எதுத்த தெரு

வேண்டாம்க்கா, தண்ணித்தொட்டியெல்லாம் திறந்து காட்டாதீங்க. நான் வாடகைக்கு வரல. போர்டப் பாத்துட்டு வந்தேன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க, நானும் பேசாம உள்ள வந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க. போன வாரம் வரைக்கும் இங்க ஒருத்தர் குடியிருந்தாரே, ஒம்பது வயசுப் பொண்ணோட... அது என் பொண்ணு.

அம்மா செத்துட்டான்னு சொன்னாரா? சரி, சொல்லட்டும். பயப்படாதீங்க, பேயில்ல, காலு தரையிலதான் இருக்கு.

கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற வேல எனக்கு. ஞாயித்துக்கிழம அரை மணி நேரம் வீடியோ கால்ல பேசலாம், எந்த ஊரு எந்தத் தெருன்னு மட்டும் கேக்கக்கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு. தப்பு என்மேலதான். ஒரு தடவ ஸ்கூல் வாசல்ல இருந்தே அவளக் கூட்டிட்டுப் போயிட்டேன். மூணு நாள். ஒரு லாட்ஜுல ரெண்டு பேரும் பிஸ்கட் தின்னுக்கிட்டு... அத விடுங்க.

அரை மணி நேரம் கொஞ்சம்தானேன்னு தோணும். சாப்டியா, படிச்சியான்னு கேட்டு முடிச்சா அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும். அப்புறம் என்ன பேசுறது? கொட்டாவி விடுவா. அதுக்குத்தான் இந்த விளையாட்டு. போன் மேப்புல தெருவெல்லாம் போட்டோவா தெரியுமில்ல, அதுல புதையல் தேடுறது. ரோட்டுல கெடக்குற ஒத்தச் செருப்பு, மரத்துல மாட்டின பட்டம், பால்கனியில தூங்குற ஆளு. நான் ஒண்ணு சொல்லுவேன், அவ தேடுவா. அப்புறம் அவ சொல்லுவா. ஒலகம் பூரா சுத்தினோம்க்கா, ஆளுக்கொரு ரூமுல உக்காந்துக்கிட்டே.

ஒருநாள், அம்மா, இது ரொம்பக் கஷ்டமானதுன்னா. பல் டாக்டர் போர்டு, பக்கத்துல டயர் கடை, டயர் மேல வெள்ளப் பூனை. எதுத்த தெருவுல பச்ச கேட்டு, வெளிப்பக்கமா சுருள் படி. எந்த ஊருன்னு சொல்லல. ஆனா அவ சிரிச்ச சிரிப்புலயே அது அவ இருக்குற வீடுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் கேக்கலக்கா. சத்தியமா கேக்கல.

கண்டுபிடிக்க நாலு மாசம் ஆச்சு. பல் டாக்டர் இல்லாத ஊரு எங்க இருக்கு? கால்ல பேசும்போது அப்பப்போ கப்பல் சங்கு கேக்கும், அதனால கடலோர ஊரா மட்டும் பாத்தேன். வேல முடிஞ்சு வந்ததும் தெருத்தெருவா வெரலத் தேச்சுக்கிட்டே போவேன். கடைசியில அந்தப் பூனை கெடச்சப்போ வாயப் பொத்திக்கிட்டு அழுதேன்.

புது அட்ரஸ் உங்ககிட்டயும் குடுக்கலயா? குடுக்கமாட்டாரு. இல்லக்கா, அவருக்கு உங்கமேல ஒரு கோவமும் இல்ல, வீடு புடிக்காமப் போகல. நாந்தான் காரணம்.

பேசாம பஸ் ஏறி வந்து, ஸ்கூல் விடுற நேரத்துல தூர நின்னு பாத்துட்டுப் போயிருக்கலாம். வாய் நிக்கல. அடுத்த ஞாயித்துக்கிழம கால் வந்ததும், கண்டுபிடிச்சிட்டேன்டி, பச்ச கேட்டுன்னுட்டேன். எப்பிடிக் குதிச்சா தெரியுமா? அவளுக்கு அது விளையாட்டுதானக்கா. அப்பா, அம்மா நம்ம வீட்டக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு கத்திக்கிட்டே உள்ள ஓடினா.

அவ போன் மேசை மேலயே சாஞ்சு நின்னுச்சு. கட் ஆகுறவரைக்கும் இந்தச் செவுரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.