ஸ்டோர் அலி அக்பர் பாய் அவர்களின் ஏற்புரைக்கு முன் வாசிக்கப்பட்டது

கண்ணசைவில் கிரேனையும் கையசைவில் கண்டெய்னரையும் ஆட்டிவைத்த சிக்னல் சிகரமே! எண்ணூர்க் கடற்காற்றையும் மிஞ்சிய குரலால் எங்களை வாயார வைத வள்ளலே! பணிநிறைவு காணும் பண்பாளரே, எங்கள் அருமை அலி அக்பர் பாய் அவர்களே! யார்டே எழுந்து நின்று உங்களை வணங்குகிறது.

விழாவே வேண்டாம் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றது எதனால் என்று எங்களுக்குத் தெரியும். விழா என்றால் ஏற்புரை உண்டு. மேடையில் சொல் சிக்கிக்கொண்டால் ஊரே உச்சுக்கொட்டுமே என்ற பயம். உங்கள் துணைவியார் ஷம்ஷாத் அவர்களும், "அவுருக்குப் பதிலா யாராச்சும் ரெண்டு வார்த்த பேசிடுங்களேன்" என்று கேட்டார்கள். மறுத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும்.

உழைத்துக் களிக்கும் வயதில், ஓடியாடிய காலத்தில், பக்கவாதம் வந்து உங்கள் வலக்கையைச் சாய்த்தது, வாய்மொழியைக் குழற வைத்தது. மகள் நவ்ரீன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று பிற்பாடு நீங்களே சொன்னீர்கள். "இப்ப எப்டி கீது?" என்ற கேள்விக்கு அஞ்சிக் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினீர்கள். தோஸ்துகள் வருவதும் குறைந்தது.

யார்டுக்குத் திரும்பியபோது கிரேன் பக்கம் போக அனுமதி இல்லை. ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒருநாள் பெரிய சுமைக்குச் சின்னக் கொக்கியை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். கிரேன் ஓட்டும் பிராங்கிளின் தூக்கும் முன்பே கண்டுகொண்டார். வேலை கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். தவறு செய்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது நம் யார்டின் எழுதாத சட்டம், சூப்பர்வைசரே தப்பியதில்லை. அன்று மட்டும் ஒருவரும் டீ கேட்கவில்லை. "வுடு, பாவம்" என்ற பிராங்கிளினின் முணுமுணுப்பு உங்கள் காதில் விழுந்துவிட்டது.

முகம் சிவக்க எழுந்தீர்கள். காலை இழுத்துக்கொண்டே கேட்டுக்கு வெளியே உள்ள கடைக்குப் போய், இடக்கையில் தூக்குச்சட்டியோடு, வழியெல்லாம் சிந்தியபடி வந்து நின்றீர்கள். மூச்சு வாங்கியது, சொல் வரச் சற்று நேரமானது.

"தப்பு... நான் பண்ணது. டீயும்... என்னுது. குடிங்கடா."

பிராங்கிளின்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா மாமு, பாதி டீய ரோட்ல ஊத்திகினு வந்துட்டு தெனாவட்டப் பாரு! மீதிக்கு நாளிக்கு வாங்கிகினு வா!"

நோய் கண்ட நாளுக்குப் பின் நீங்கள் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். எங்களில் சிலர் அழுதே விட்டோம். கை பழையபடி ஆகவில்லை. ஆனால் ஸ்டோர் வாசலில் பழையபடி சண்டையும் கிண்டலும் தொடங்கின. இத்தனை ஆண்டும் எங்களோடு ஒருவராய் உழைத்து, எங்களிடம் ஏச்சும் வாங்கி, எங்களையும் ஏசி, நிமிர்ந்த தலையோடு ஓய்வு பெறுகிறீர்கள். அந்தப் பெருமிதத்தில் நெஞ்சம் நிறைகிறோம்!

நல்லுடலும் நிறைமனமும் பெற்று, மனைவி மக்களோடு மகிழ்ந்து, இனி வரும் கல்யாணங்களில் முதல் பந்தியில் அமர்ந்து, பல்லாண்டு வாழ்க!

மைக்கை உங்கள் இடக்கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறோம், பாய். மதியம் வரை யாருக்கும் வேலை இல்லை. பேசுங்கள். எந்தச் சொல்லையும் நாங்கள் எடுத்துக் கொடுக்க மாட்டோம்.

என்றும் உங்கள் ஏச்சுக்கு ஏங்கும்
யார்டு தொழிலாளர்கள்,
எண்ணூர்.