கரையில் நின்றவன்

ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பழகும் பிள்ளைகளுக்குக் கதை எழுதினால், அவர்களுக்குத் தெரிந்த இடத்தை வைத்தே எழுத வேண்டும். லண்டன் பனியைப் பற்றி வாசித்தால் எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸ் பையன் தூங்கிவிடுவான். ரயில்வே குடியிருப்பு, கிள்ளான் ஆறு என்றால் நிமிர்ந்து உட்காருவான்.

ஏழாம் வகுப்புக்கு அந்தக் கதைகளை நானே எழுதினேன். யார் கையிலும் புத்தகம் இருக்காது. இரண்டு முறை வாசிப்பேன். பிறகு ஒருவன் எழுந்து, கதையில் வருகிறவனாகத் தன்னை வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். பள்ளியைப் பார்வையிட வந்த துரைகூட இந்த முறையைப் பாராட்டினார்.

1934இல் என் மகன் வாசு பள்ளிவிட்டு வரும்போது ஆற்றில் மூழ்கி இறந்தான். அவனும் அவன் வகுப்புத் தோழன் தம்புசாமியும் எப்போதும் ஆற்றோரமாகச் சேர்ந்தே வீடு திரும்புவார்கள். தம்புசாமி உயிரோடு இருந்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியதும் புதிய கதை ஒன்று எழுதினேன். இரண்டு நண்பர்கள் ஆற்றுக்குப் போகிறார்கள். ஒருவன் மூழ்குகிறான். மற்றவன் கரையில் நின்று பார்க்கிறான், யாரையும் கூப்பிடவில்லை. கரையில் நின்றவனாகச் சொல்லும்படி தம்புசாமியை எழுப்பினேன்.

“சார், நான் அன்னைக்கி அங்க இல்ல சார்.”

“இது கதைதானே. ஆங்கிலத்தில் சொல்.”

சொன்னான். வாரந்தோறும் கதையைச் சற்று மாற்றினேன். மழை வரும், படகு வரும், பெயர்கள் மாறும். கரையில் நிற்பவன் மட்டும் அவனேதான். “கரையில நின்னவன் வராண்டா, தள்ளிப் போ, உன்னையும் தண்ணில விட்டுருவான்” என்று மற்றப் பையன்கள் சிரித்தார்கள். நான் கண்டிக்கவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்வியைக் கடைசியில் சேர்த்தேன். அவன் காரணங்களைத் தேடித் தேடிச் சொன்னான். ஒருநாள், அவன் சாகட்டும் என்றுதான் நின்றேன் என்றான். என் கதையில் அந்த வாக்கியம் இல்லை. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் தம்புசாமியை அதே ஆற்றிலிருந்து தூக்கினார்கள்.

துக்க வீட்டில் அவன் தாய் வீரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாத்தியாரய்யா, உங்க புள்ள போன அன்னைக்கி நாங்க கிள்ளான் டவுன்ல எந் தங்கச்சி கல்யாணத்துல இருந்தோம். இவன் எதுக்கு, நான்தான் பாத்துக்கிட்டு நின்னேன்னு ராவெல்லாம் பொலம்புனான்?”

காய்ச்சலாக இருந்திருக்கும் என்றேன்.

அந்தக் கல்யாணம் எனக்குத் தெரியும். அவனுக்கு லீவு கொடுத்ததே நான்தான். அதனால்தான் வாசு அன்று தனியாக நடந்து வந்தான். ஆனால் கரையில் யாருமே இல்லை என்று எழுதினால் அது கதையாகாது. பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். அதனால் ஒருவனை நிறுத்தினேன்.