சும்மா அடிக்கிற மணி

விண்வெளி நிலையத்தில் பாதி வேலை துடைக்கிற வேலைதான், ஐயா. வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. விருந்து வீடுகளில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, "நட்சத்திரமெல்லாம் பக்கத்துல தெரியுமா?" என்று கேட்பார்கள். ஈரத்துணிதான் தெரியும் என்பேன். சிரிப்பார்கள். தரையில் தூசு தானாகக் கீழே விழும். அங்கே அதற்கு விழ இடமில்லை. தலைமுடி, துணி நார், தோல் செதில் எல்லாம் மிதந்துபோய் காற்றுப் பாதையின் வலைகளில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். பதினான்கு மாதமாக நீங்கள் விசாரித்த விஷயம் இந்தத் தூசியில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் இங்கிருந்தே சொல்கிறேன்.

நான் ஏழு மாதம் மேலே இருந்தேன். காற்று என் பொறுப்பு. என் இடத்தை எடுத்துக்கொள்ள வந்தவன் என் தங்கையின் கணவன். இந்த வேலையில் அவனை நுழைத்துவிட்டதே நான்தான். தங்கச்சி கேட்டாளே என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். நேரில் வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை என்பேன். மனசுக்குள் எப்போதும் அவன்தான்.

அவனைப் பற்றி எல்லாரும் நல்லதே சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுப்பான். கீழே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் அவன் குரலைக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். தெரியாத விஷயத்தைக் கூசாமல், "தெரியலை மச்சான், சொல்லிக் குடுங்க" என்பான். தெரியாததைப் பெருமையாகச் சொல்கிற ஆளை எனக்கு எப்போதும் பிடிக்காது. நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

பொறுப்பு மாற்றிக் கொடுக்க எட்டு நாள். போகிற மூன்று பேர், வந்த மூன்று பேர், ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி. இருநூறு பக்கம் எழுதிய குறிப்பு உண்டு. ஆனால் உண்மையான வேலை தாளில் இருக்காது. எந்த மூடியை இடதுபக்கம் அழுத்தித் திறக்க வேண்டும், எந்த முள் இரண்டு புள்ளி கூடுதலாகக் காட்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதெல்லாம் வாய்வார்த்தைதான். போகிறவன் சொன்னால் வந்தவன் நம்ப வேண்டும். வேறு வழியில்லை. உங்கள் விசாரணைக் குழுவில் இருந்த பன்னிரண்டு நிபுணர்களுக்கு இந்த ஒரு விஷயம் கடைசிவரை புரியவில்லை.

இரண்டாம் நாள் அவன் என்னைக் கேட்காமல், காற்றுப் பாதையை மூடியிருந்த ஒரு தட்டியைத் திறந்தான். எட்டு ஸ்க்ரூ. உள்ளே வலை தெரியவில்லை. அதன்மேல் கம்பளி மாதிரி தூசு படர்ந்திருந்தது. நான்கு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை என்பது உண்மை. ஒவ்வொரு வாரமும் 'முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டதும் உண்மை. ஒரு நாளைக்கு நாற்பது வேலை பார்க்கிறவனுக்கு எது அவசியம், எது சடங்கு என்று தெரியும். அனுபவம் என்பது அதுதான்.

அவன் மேலிடத்துக்குச் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். விளக்கம் கேட்டிருப்பார்கள், கொடுத்திருப்பேன். அவன் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் தலையை உள்ளே விட்டுக்கொண்டு தானே சுத்தம் செய்தான். வெளியே வந்து, முகமெல்லாம் தூசியோடு, என் தோளில் கை வைத்தான்.

"விடுங்க மச்சான். எட்டு ஸ்க்ரூ கழட்டணும்னா யாருக்குத்தான் அலுப்பு வராது? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். உங்க தங்கச்சிகிட்டகூட."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன், நான் சொல்லி வேலைக்கு வந்தவன், என்னை மன்னித்தான். அந்தக் கை என் தோளில் மூன்று நொடி இருந்திருக்கும். நான் "சரி மாப்பிள்ளை" என்றேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபம் இருந்திருந்தால் அன்றே சண்டை போட்டிருப்பேன். இப்படி இளித்துக்கொண்டு திரிகிற ஒருவனிடம் மூன்று பேரின் காற்றை ஒப்படைக்கலாமா என்பதுதான் என் கவலை. அவனைச் சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று பட்டது.

நாங்கள் தூங்குகிற அறை ஒரு பீரோ அளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு பைக்குள் புகுந்து தூங்க வேண்டும். இங்கே நாம் விடுகிற மூச்சு சூடாக மேலே போய்விடும். அங்கே மேலே என்பதே கிடையாது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நிற்கும். அதையே திரும்பத் திரும்ப இழுத்தால் முதலில் தலை வலிக்கும், பிறகு ஆளே போய்விடும். அறையில் ஒரு சின்ன ஃபேன் ஓடினால்தான் அது நகரும். ஃபேன் தளர்ந்தாலோ காற்று கெட்டாலோ அடிக்க ஒரு மணி. கீழே பூமியில் இருப்பவர்களுக்கு அது கேட்காது, அறைக்கும் அக்கம்பக்கத்துக்கும் மட்டும்தான். உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினால் எட்டு மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் என் அறையை அவனுக்குக் காலி செய்து கொடுத்தேன். மாப்பிள்ளையை வெளியே படுக்கவைத்தால் மரியாதையாக இருக்குமா என்றேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அவன் அறைக் கதவை ஒட்டி, சுவரில் என் தூக்கப் பையைக் கட்டிக்கொண்டேன். அறையிலிருந்து வெளியே வருகிற காற்றை அளக்கிற மணியின் கருவி அறைக்கு வெளிப்பக்கம், என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பையில் நாலைந்து முறை மூச்சை விட்டு, கருவியின் வாயில் வைத்து மெதுவாக அமுக்கினால் போதும். அடிக்கும்.

முதல் தடவை பதறி எழுந்து வந்தான். ஃபேனைத் தொட்டுப் பார்த்தான், காற்றை அளந்தான், எல்லாம் சரியாக இருந்தது. "பழைய கருவி மாப்பிள்ளை, சும்மா அடிக்கும்" என்றேன். இரண்டாம் தடவையும் அளந்தான். ஐந்தாம் தடவை ஃபேனை மட்டும் தொட்டுப் பார்த்தான். அவனோடு வந்த டாக்டரம்மாகூட, "இது ஏன் சும்மா சும்மா கத்துது?" என்று கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். அவன் பொத்தானைத் தொடாத வரை ஒரு தூக்கத்துக்கு இரண்டு முறை என்று கணக்கு வைத்திருந்தேன். ஏழாம் நாள் அவன் கண்ணையே திறக்கவில்லை. கை மட்டும் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பி வந்தது.

புலி வருது கதையில் எல்லாரும் பொய் சொன்னவனைத்தான் திட்டுவார்கள். எனக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல்தான் எரிச்சல். நாலு தடவை புலி வராவிட்டால் ஐந்தாம் தடவையும் வராது என்று எந்தப் புலி எழுதிக் கொடுத்தது? சோதனையில் அவன் தேறவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள்.

எட்டாம் நாள் ஃபேனை மாற்றினேன். கழித்துக் கட்ட வைத்திருந்த பழையது ஒன்று இருந்தது. பேரிங் தேய்ந்து, இன்னும் மூன்று நான்கு வாரம் ஓடும் என்கிற நிலை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவன் ஃபேனைக் குப்பைப் பையில் போட்டேன். குப்பை சரக்குக் கலத்தில் போய், பூமியின் காற்றில் உரசி எரிந்துவிடும். எண் ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டினேன். உங்கள் பன்னிரண்டு பேரும் அந்த ஸ்டிக்கரைப் படித்தார்கள், ஃபேனைப் பார்க்கவில்லை. 'எதிர்பாராத தேய்மானம், ஏற்கெனவே கோளாறான எச்சரிக்கைக் கருவி, யார்மீதும் குற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பாராட்டுப் பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். என் வேலையை ஒரு பேரிங்கின் தலையில் கட்டிவிட்டார்கள். இன்று நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்கு அது ஒரு காரணம்.

கிளம்புகிற அன்று அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "மச்சான், நீங்க சொல்லிக் குடுத்தது எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றான். இல்லைதான்.

அதன்பிறகுகூட அவனைக் காப்பாற்றியிருக்கலாம். அதையும் மறைக்கவில்லை. நான் இறங்கி இருபத்து மூன்றாம் நாள், குடும்பத்தோடு பேசுகிற அறைக்குத் தங்கச்சியை அழைத்துப் போனேன். எனக்கு அப்போது கால் சரியாக நிற்காது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். குடும்பப் பேச்சை நீங்கள் பதிவு செய்வதில்லை. நாகரிகம் என்பீர்கள்.

திரையில் அவன் முகம் வீங்கியிருந்தது. அங்கே எல்லாருக்கும் கொஞ்சம் வீங்கும். கண்தான் சரியில்லை. ஆனாலும் தங்கச்சியிடம் இரண்டு நிமிஷம் கேலி பேசினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மச்சான், அந்த மணி ரெண்டு நாளா விடாம அடிக்குது. எந்திரிச்சா மண்டை பிளக்குது. ஒரு தடவை கழட்டிப் பாத்துடட்டுமா, இல்ல பழைய கதைதானா?"

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "என்னண்ணா, தலைவலிங்கிறாரே. ஒண்ணும் இல்லையே?"

இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஃபேன் நின்றுபோய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒன்றிரண்டு தூக்கம் என்று அர்த்தம். கழற்றிப் பார் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் அவசரப்படவில்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"அதேதான் மாப்பிள்ளை. வேலை அதிகம், களைப்பு. அணைச்சிட்டு நல்லா தூங்குங்க."

அவன் முகம் தெளிந்தது. "அப்பாடா" என்றான். கை ஆட்டினான்.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. மற்ற இருவரும் கதவைத் திறந்தபோது ஒரு கை பொத்தான்மேல் இல்லை, கதவின் தாழ்ப்பாளில் இருந்ததாம். விரல் நகம் இரண்டு பெயர்ந்திருந்தது. உங்கள் அறிக்கையில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. உருப்படியாக எழுதிய ஒரே பக்கம்.

போன வாரம் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். அறிக்கையின் ஒரு பிரதியை அவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். உறைகூடப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்னிக்கு நீ சொன்ன பிறகுதாண்ணா அவர் முகத்துல சிரிப்பே வந்துச்சு. கடைசியா நிம்மதியா தூங்கப் போனாரே, அது உன்னாலதான்" என்றாள். பிறகு, "அவருக்கு வலிச்சிருக்குமாண்ணா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சே இருக்காதும்மா. தூக்கத்துலயே போயிட்டார்" என்றேன்.

தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்தோராம் பக்கம் அவள் மடியிலேயே இருந்தது, ஐயா. பிரித்துப் பார்க்கவில்லை. எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்புகிற ஆட்கள். இவர்களை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி ஒழுங்காக வேலை பார்ப்பது?